கோகிலா அக்கா கட்டிய வேலிகள்

கடையைத் திறந்து, குளிர்பெட்டிக்குள் இன்சுலின் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பெரியசாமி அண்ணன் போனில் அழைத்தார். எடுத்ததும் "ஏனுங் தம்பி, சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்பது அவர் வழக்கம். அன்று கேட்கவில்லை.

"தங்கச்சி போயிருச்சுங்க தம்பி" என்றார்.

குளிர்பெட்டியின் கதவைச் சாத்தினேன். அவரே தொடர்ந்தார்.

"தூக்கத்துலயே போயிருக்குதுங்க. காத்தால ஊட்டுக்காரம்மா கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணுனாங்க. டாக்டரும் வந்து பாத்துட்டாராம். நான் காரெடுத்துட்டேன், வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். நீங்க முன்னால போயி அதுகூட இருங்க தம்பி. தனியாக் கெடக்கும்."

கடையைப் பணியாளரிடம் விட்டுவிட்டு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கோகிலா அக்கா குடியிருந்த வீட்டுக்குப் போனேன். வீட்டின் சொந்தக்கார அம்மா தலைமாட்டில் விளக்கேற்றி வைத்திருந்தார். அக்காவின் முகத்தில் எந்தச் சிரமமும் தெரியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணன் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கோகிலா அக்காவை உங்களில் பெரும்பாலோர் பல்செட் செய்து கொடுத்தவராகவே அறிவீர்கள். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்ப, ஃபேர்லேண்ட்ஸில் வீட்டின் முன்னறையிலேயே வைத்திருந்த சின்ன லேப்பில் அவர் பற்களைச் செய்தார். இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர் அவர் கையால் செய்த பல்லால் இன்றைக்கும் சோறு தின்கிறார்கள். ஆனால் அவர் வேலி கட்டியவர் என்பது, என் கடைக்கு மேலுள்ள மாடியறைக்கு வந்து போனவர்களுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகும் சாலையில் என் மருந்துக்கடை. அவர் முதன்முதலாக அங்கே வந்தது முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க. அப்போது மாடியில் என் நண்பர் செந்தில் ரயில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல என்னுங்க தம்பி, ரயிலு கூவுது?" என்று அக்கா கேட்டார்.

சொன்னேன். செந்திலும் நானும் சேர்ந்து, பெரிய மேசைகளை ஒட்டிப் போட்டு அதன்மேல் ஒரு மாதிரி ரயில்பாதை அமைத்துக்கொண்டிருந்தோம். நிஜத்தை எண்பத்தேழு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவு. சேலத்திலிருந்து மல்லூர், ராசிபுரம் வழியாக நாமக்கல் போகும் பாதையில் ஏதோ ஒரு துண்டு என்பது எங்கள் கற்பனை. டிரான்ஸ்பார்மருக்குக் காயில் சுற்றும் பட்டறை வைத்திருக்கும் செந்திலுக்கு மின்சாரமும் வண்டிகளும். மண்ணும் மரமும் வீடுகளும் எனக்கு.

படியேறிப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். முழங்கால் வலியோடு எதற்கு என்றேன். "எறங்கறப்பத்தான் வலிக்கும். ஏர்றதுக்கு என்ன வந்துச்சு" என்றபடி ஏறிவிட்டார்.

மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தார். வயலுக்கு நான் நிறுத்தியிருந்த வேலிக்கு முன்னால் நின்றார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பொம்மைப் பெட்டியில் வந்த, வெள்ளையடித்த பலகை வேலி அது.

"இது எந்த ஊரு வேலிங்க? நம்மூர்ல இத்தனை பலகைய வெளிய நட்டு வெச்சா, மறுநா காத்தால எவனூட்டுலயாவது அடுப்பெரிஞ்சுட்டிருக்கும்."

செந்தில் சத்தமாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வேலி எனக்கே உறுத்திக்கொண்டுதான் இருந்தது. மாற்றாக என்ன செய்வது என்று தெரியாமல் விட்டிருந்தேன். "எனக்கு ஒரு ஓரம் குடுங்க, செஞ்சு பாக்கறேன்" என்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. மறு ஞாயிறு ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். அதன்பின் அவர் வராத ஞாயிறு குறைவு.

உடனே எல்லாம் கைகூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் வேலியை அவர் பல் வேலைக்கான மெழுகில் செய்தார். நம் பக்கத்துக் காடுதோட்டங்களில் கம்பி வேலிக்கு நடுகிற கல்கால்களை மெழுகில் ஒவ்வொன்றாகச் செதுக்கி, சாம்பல் வண்ணம் பூசி நட்டார். அச்சு அசல் கல்லாகவே இருந்தது. பிறகு சேலத்துச் சித்திரை வெயில் மாடியில் இறங்கியது. அடுத்த ஞாயிறு கதவைத் திறந்தால் கல்கால்கள் அத்தனையும் முன்பக்கமாக வளைந்து கிடந்தன.

நான் பதறிப்போனேன். அக்கா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். "எல்லாரும் ரயிலுக்குக் கும்புடு போடறாங்க பாருங்க தம்பி" என்றார்.

அடுத்து, செடிவேலிக்கு இலை ஒட்ட மைதாப் பசை காய்ச்சிக்கொண்டு வந்தார். எறும்புகள் வரிசையாக வந்து இலையோடு சேர்த்து இழுத்துப் போயின. "வேலி பயிர மேயும்னு கேட்டிருக்கோம். இங்க வேலியவே மேஞ்சுட்டாங்க" என்று சொல்லி, மீதியைத் தட்டிக் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்கினார். அவர் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. செய்தது கெட்டுப்போனால், எப்படிக் கெட்டது என்று பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

பிறகு மெழுகை விட்டுவிட்டு, பல் அச்சு வார்க்கும் கல்மாவைக் குழைத்துத் தகடாக வார்த்தார். காய்ந்ததும் அறுக்காமல் கையால் ஒடித்தார். உளி வைத்துப் பிளந்த கல்லின் சொரசொரப்பு அந்த ஒடிந்த விளிம்பில் தானாகவே வந்தது. அளவு கணக்கிடுவது என் வேலை: ஐந்தடிக் கல்கால் எங்கள் உலகத்தில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர். பல்லுக்குக் கிளிப் கட்டும் மெல்லிய கம்பியை அவற்றின்மேல் இழுத்தார். கம்பிக்கு முள் வைக்கவில்லையே என்று செந்தில் கேட்டபோது, "பத்தடி தள்ளி நின்னு பாத்தா முள்ளு தெரியுமா? வேட்டி கிழிஞ்சாத்தான் தெரியும்" என்றார். செந்தில் அதை ஒப்புக்கொண்டார்.

கிளுவை வேலிதான் அவருக்குப் பிரியமானது. கிளுவைக் கொம்புகளை நெருக்கமாக நட்டு, அவை வேர்விட்டுத் தழைத்து முள்ளும் இலையுமாகப் பின்னிக்கொண்டு நிற்கிற உயிர்வேலி நம் பக்கத்தார் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குக் காய்ந்த துளசிக் கதிர்களைக் கொம்பாக்கினார். டீத்தூள் சக்கையை வெயிலில் காயவைத்துப் பச்சைச் சாயம் ஏற்றி இலையாகத் தூவினார். வேலிமேல் படரும் கோவைக்கொடிக்கு, ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு தறிக்கூடத்தில் கேட்டு வாங்கிய கழிவு நூல். எல்லாம் ஒட்டி முடித்தபின் இடுக்கியை எடுத்து, வேலியின் அடிப்பகுதியிலிருந்து இலைகளை உதிர்க்க ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டேன்.

"ஆடு எட்டற ஒசரம் வரைக்கும் எலை நிக்காதுங்க தம்பி."

ஒரு கல்கால் மட்டும் சாய்ந்திருக்கும். அது மாடு முதுகைத் தேய்த்துக்கொள்ளும் கல். ஓரிடத்தில் வேலி அறுந்து, அதில் பழைய சிமெண்ட் சாக்கைச் சுருட்டிச் செருகியிருக்கும். ஒவ்வொரு வேலியைத் தொடங்கும் முன்பும் எங்களைக் கேட்பார், "இது எதத் தடுக்கறதுக்கு? ஆட்டையா, மாட்டையா, ஆளையா?" ஆட்டுக்கு நெருக்கம் வேண்டும், மாட்டுக்கு உறுதி வேண்டும். ஆளுக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "ஆளத் தடுக்கோணும்னு நெனச்சுட்டா, ஒரு கல்லு நட்டாப் போதுமுங்க. அதுக்கப்பறம் அவங்களே வர மாட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கல்லை ஒடிக்கக் குனிந்துகொண்டார். 

அவருடைய பல் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் ஏதோ கொடுக்க லேப்புக்குப் போயிருந்தேன். முன்வரிசைப் பல்லில் ஒன்றை லேசாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவருக்கான செட் அது. அவருடைய பழைய போட்டோவில் அந்தப் பல் அப்படித் திரும்பியிருந்ததாம். "மவனும் மருமகளும் வரிசையா வெக்கச் சொல்றாங்க. நான் அந்தப் பெரியவரத்தான் கேட்டேன். பழையபடி இருந்தாப் போதும்னாரு. சிரிக்கறப்ப அவரு ஊட்டம்மாவுக்கு அடையாளம் தெரியோணுமில்ல?" என்றார். வேலியில் ஒரு கல்லைச் சாய்த்தபோது இருந்த அதே கவனம் அப்போதும் அவர் முகத்தில் இருந்தது.

மேசையில் அவருக்குக் கொடுத்த ஓரம் சில வருடங்களில் ஒரு முழுப் பண்ணையமாகிவிட்டது. நடுவில் ஒரு கிணறு. கிணற்றுமேட்டில் இரண்டு தென்னை. ஒரு வேப்பமரம். இருபுறமும் கிளுவை வேலி நிற்க, நடுவே வண்டி போகும் இட்டேரி. வேலியில் ஓரிடத்தில் ஆள் நுழையும் அகலத்துக்கு இடைவெளி விட்டு, அதற்கு மூங்கில் சிம்பால் பின்னிய ஒரு படல். அந்த இடைவெளியைக் கடவு என்பார்கள். எதையும் படம் பார்த்துச் செய்யவில்லை. இவ்வளவு நுணுக்கமாக எப்படிக் கற்பனை செய்கிறார் என்று செந்திலும் நானும் வியந்துகொண்டோம்.

அது கற்பனையல்ல என்று ஒரு கண்காட்சியில் தெரிந்தது.

சேலத்தில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு எங்கள் ரயிலைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்கள். மேசைகளைப் பிரித்து, டெம்போவில் ஏற்றிப் போய், ஒரு வகுப்பறையில் மறுபடி பொருத்தினோம். காலையிலிருந்து நல்ல கூட்டம். பிற்பகலில் கலைநிகழ்ச்சி தொடங்கியதும் எல்லோரும் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். அப்போது ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல் ஒதுங்கியவராக ஒரு பெரியவர் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ரயிலைப் பார்க்கவில்லை. நேராக அக்காவின் பண்ணையத்துக்கு முன்னால் போய், குனிந்து நின்றார். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஏனுங், இதச் செஞ்சது யாருங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான் திரும்பினேன். அக்கா எங்களுக்கு டீ வாங்கிக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார். அவர் முகத்தை நான் அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. பெரியவரும் திரும்பிப் பார்த்தார்.  பெரியவர் மறுபடி மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டு, என்னிடமே சொன்னார்.

"கடவு இங்க இல்லீங்க. கெணத்துக்குக் கெழக்கால இருக்கோணும்."

அக்கா டீ டம்ளர்களைப் பெஞ்சின்மேல் வைத்தார். அவரும் என்னிடம்தான் பேசினார்.

"கெழக்கால இல்லைன்னு சொல்லுங்க தம்பி. வேப்பமரத்துக்கு நேரா."

"வேப்பமரத்துக்கு நேரா வாய்க்கா போவுதுங்க. வாய்க்கா மேல ஆரு கடவு வெப்பாங்க?"

"வாய்க்கா அப்பறம் வந்ததுங்க தம்பி. எனக்குத் தெரியும். நான் தெனமும் பள்ளிக்கூடம் போன வழி."

"நான் தெனமும் தண்ணி கட்டற காடுங்க அது."

நடுவில் நான் நின்றிருந்தேன். செந்தில் ரயிலை நிறுத்திவிட்டார். யாருங்க நீங்க என்று பெரியவரிடம் கேட்பதா, அக்காவிடம் கேட்பதா என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டேன். அக்காதான் பதில் சொன்னார்.

"எங்கண்ணன்."

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேத்தி அந்தப் பள்ளியில் படிப்பதாகவும், அவள் ஆட்டத்தைப் பார்க்க வந்ததாகவும் சொன்னார். பிறகு முதன்முறையாகத் தங்கையைப் பார்த்துப் பேசினார். "வந்து பாத்துட்டுப் பேசு." சொல்லிவிட்டுப் போய்விட்டார். டீ ஆறிப்போயிருந்தது. அக்கா அந்த ஆறின டீயைக் குடித்தார்.

மேசைகளைப் பிரிக்கும்போது, நாங்கள் கேட்காமலே சொன்னார். அவர் கல்யாணம் வேண்டாம் என்று படித்து, வேலை கற்று, சேலத்தில் தனியாக நின்றுவிட்டவர். அப்பா இறந்தபின் தன் பங்குக் காட்டைக் கேட்டார். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவளுக்குக் காடு எதற்கு என்று, உறவுக்காரர்கள், ஒறம்பரை எல்லோரும் கூடியிருந்த இடத்தில் அண்ணன் கேட்டுவிட்டார். பங்கு பிரிந்தது. ஆனால் பிரிந்த மறு வாரமே அண்ணன் தன் எல்லையில் கல்நட்டுக் கம்பி இழுத்து, கடவையும் அடைத்துவிட்டார். அக்காவின் பங்கு கிணற்றுக்கு அந்தப் பக்கம். போக வேறு சுற்றுவழி இருந்தது. அந்தச் சுற்றுவழியில் அவர் ஒருமுறைகூடப் போகவில்லை. காடு கரம்பாகக் கிடந்தது. அண்ணனும் தங்கையும் பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"கல்லு நட்டது கூடப் பரவால்லீங்க தம்பி. கடவ அடச்சதுதான்" என்று நிறுத்திக்கொண்டார்.

மறு ஞாயிறு என் காரில் போனோம். தனியாகப் போகமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். ராசிபுரம் தாண்டி மண்பாதையில் திரும்பும்போது, "திரும்பிப் போயிரலாமுங்களா?" என்று கேட்டார். "போகலாங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தேன். 

பெரியசாமி அண்ணன் வேலியோரமே நின்றிருந்தார். வாங்க என்று என்னைக் கூப்பிட்டார். அது அக்காவுக்கும் சேர்த்துத்தான். மூவரும் வேலியோரமாக நடந்தோம். அந்த நிலத்தை நான் அதற்குமுன் பார்த்ததேயில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரிந்திருந்தது. தென்னைகளின் சாய்வுகூட எங்கள் மேசையில் இருந்தபடியே இருந்தது. மேற்கே மேட்டில் ரயில்பாதை போனது.

கிழக்கில் அண்ணன் ஒரு இடத்தைக் காட்டினார். "இங்க பாரு. கடவோட அடிக்கல்லு இன்னும் கெடக்குது." இரண்டு தட்டைக் கற்கள் மண்ணில் புதைந்து, கால்பட்டுத் தேய்ந்து கிடந்தன. அக்கா வேப்பமரத்துப் பக்கம் நடந்தார். வாய்க்காலோரப் புல்லைக் காலால் விலக்கினார். அங்கேயும் ஒரு தட்டைக்கல் இருந்தது. அதுவும் தேய்ந்திருந்தது. அண்ணன் கிட்டே வந்து பார்த்தார். இருவரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள்.

வீட்டிலிருந்து அண்ணன் மனைவி மோர் எடுத்துக்கொண்டு வந்தார். அவரை அக்கா நங்கை என்றுதான் கூப்பிடுவார். நடந்ததைக் கேட்டுவிட்டு, அவர் சொம்பைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டும் இருந்ததுதானுங்க. மாமனாரு கெணத்த ஆழப்படுத்தி வாய்க்கா எடுத்த வருசம், வேப்பமரத்துக்கிட்ட இருந்த கடவத் தூத்துட்டுக் கெழக்கால வெச்சாரு. அப்ப நீ சேலத்துல படிச்சுட்டிருந்த. இவரு மாடு ஓட்டிட்டுப் போனது புதுக் கடவுல. நீ பள்ளிக்கூடம் போனது பழைய கடவுல. இதுக்குப் போயி ஆருக்கு ஆரு சாட்சி? மோரக் குடிங்க. சோறு ஆக்கியாச்சு."

அக்கா மோரை வாங்கிக்கொண்டார். கொஞ்சம் குடித்துவிட்டு, "நங்கை, உப்பு எச்சா இருக்குது" என்றார். "இத்தன வருசங்கழிச்சு வந்து குத்தம் வேற சொல்றயா" என்று கேட்டு, அந்தம்மா சொம்போடு அக்காவைக் கட்டிக்கொண்டார். அண்ணன் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. சாப்பிட்டோம், பேசினோம், பொழுதோடு திரும்பினோம். சில வாரங்கள் கழித்து அண்ணன் எனக்குப் போன் செய்தார். "தம்பி, வெள்ளாமை எடுத்தாச்சு. கடவுல ரெண்டு கல்லப் புடுங்கிட்டுப் படல் வெச்சுட்டேன். தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லீருங்க." நீங்களே சொல்லலாமே அண்ணா என்றேன்.  "செரிங்க, சொல்றேன்" என்றார். சொன்னாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதத்திலிருந்து இரண்டாவது சனிக்கிழமைகளில் அக்கா பஸ்ஸேறிப் போக ஆரம்பித்தார். தன் பங்கில் கொள்ளு விதைக்கச் சொல்லி அண்ணனிடமே பொறுப்பு கொடுத்தார். கொள்ளு வந்ததும் எங்களுக்கும் வந்தது.

மேசையில் அவர் செய்த மாற்றம் ஒன்றுதான். வேப்பமரத்தருகே இருந்த கடவை எடுக்கவில்லை; கிணற்றுக்குக் கிழக்கே இன்னொரு கடவும் வைத்தார். இதற்குச் செந்தில் ஒப்பவில்லை. எந்தக் காலத்தைச் செய்கிறோமோ அந்தக் காலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர்.

"ஒரே நேரத்துல ரெண்டும் இருந்ததில்லைன்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் எப்படிக்கா ரெண்டையும் வெக்கறது?"

"நான் பள்ளிக்கூடம் போறப்ப உங்க ரயிலு மட்டும் இருந்துச்சுங்களா? தண்டவாளமே நேத்து வந்தது. அத எடுத்துருங்க, நான் ஒரு கடவ எடுத்தர்றேன்."

செந்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, ரயிலை ஓட்டப் போய்விட்டார்.

அதன்பிறகு எங்களுக்கு அவரோடு சில நல்ல வருடங்கள் கிடைத்தன. முழங்கால் மோசமானபின் படியேற நேரமெடுத்துக்கொண்டார். நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, "வாரேன், வாரேன், ரயில நிறுத்தி வெய்யுங்க" என்று குரல் கொடுப்பார். இதயம் பலவீனமாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதை எங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் அதைப் பற்றி விசாரித்தால், "மாத்திரை குடுக்கறது நீங்கதான. நீங்க செரியாக் குடுத்தா நான் செரியா இருப்பேன்" என்று பேச்சை முடித்துவிடுவார். சரியாகத்தான் கொடுத்தேன். அவரும் ஒருவேளைகூடத் தவறாமல் சாப்பிட்டவர்தான். அவ்வளவுதான் நடந்தது, அதற்குமேல் யார்மீதும் குறையில்லை.

அடக்கம் அவருடைய காட்டில் நடந்தது. அண்ணன்தான் அப்படி முடிவு செய்தார். மயானம் இருக்கிறதே என்று ஒறம்பரையில் யாரோ சொன்னபோது, "அது பங்கு அங்க இருக்கறப்ப வேற எங்கீங்க கொண்டு போறது?" என்று கேட்டார்.  கடவு வழியாகத்தான் தூக்கிப் போனோம். பாடை நுழைய இடம் போதாது என்று அவர் காலையிலேயே படலைக் கழற்றி, பக்கத்தில் இன்னொரு கல்லையும் தன் கையாலேயே பிடுங்கி வைத்திருந்தார். முன்பக்கம் அவர் தோள் கொடுத்தார், பின்பக்கம் செந்திலும் நானும். மறுநாள் படலை மறுபடி மாட்டிவிட்டதாகச் சொன்னார். ஆடு புகுந்துவிடும் அல்லவா. பிடுங்கிய கல்லை மட்டும் நடவில்லை. படலை இன்னும் அகலமாகப் பின்னிக்கொண்டாராம்.

இப்போது மாதம் ஒருமுறை ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் பெரியசாமி அண்ணன் என் கடைக்கு வருகிறார். ராசிபுரத்திலேயே கிடைக்கிற மாத்திரைதான். அவரும் அதைச் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறுகிறார். போன தடவை, மேசையின் வடக்கோரத்தில் அக்கா கல்கால்களை நட்டுவிட்டுக் கம்பி இழுக்காமல் விட்டிருந்த இடத்தில் நின்றார்.

"இதுக்குக் கம்பி ஆரு கட்டறது?"

"இனி யாருங்கண்ணா?" என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அக்காவின் கம்பிச் சுருளை எடுத்துக் கொடுத்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்களுக்கு அந்தக் கம்பி அகப்படவேயில்லை. இரண்டு கல்கால்களை ஒடித்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் "அடடா" என்று தங்கையிடம் சொல்வதுபோல மெல்லச் சொன்னார். மதியம்வரை உட்கார்ந்து ஒரு வரிசை கட்டி முடித்தார். கம்பி அங்கங்கே தொய்ந்து கிடந்தது. செந்தில் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கண்டிப்பானவர் ரயிலை ஓட்டப் போய்விட்டார்.

கோகிலா அக்கா செய்த வேலிகள் எங்கள் எல்லோருக்கும் பொது. எப்போது வந்தாலும் நீங்கள் பார்க்கலாம். மாடிக்கதவு திறந்துதான் இருக்கும். எனக்கென்று தனியாக அவரிடமிருந்து எது மிஞ்சியது என்று யோசித்துப் பார்த்தேன். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாமல் வளர்ந்தவன் நான். இன்று மாதத்தில் ஒரு நாள், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறங்கி, தெருவில் இறங்கி நின்று திரும்பிப் பார்த்து, "வாரேனுங் தம்பி. நேரத்துக்குச் சாப்புடுங்க" என்று சொல்லிப் போகிற ஓர் அண்ணன் எனக்கு இருக்கிறார்.